ஆரை: ஒரு சொல், பல செடிகள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை விட்டு ஏரிப்பக்கம் இறங்கினால், மதகடிச் சேற்றிலும் கழனி வரப்பிலும் நாலிலைச் செடியொன்று படர்ந்திருக்கும். ஆரைக்கீரை என்பார்கள்; ஆராக்கீரை என்பதும் உண்டு. தாவரவியலில் மார்சீலியா. கீரை என்று பெயரெடுத்தாலும் இது பூக்காத, காய்க்காத பெரணி இனம்.

ஆரை பழஞ்சொல். காஞ்சித் தலைவன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், உப்பு வணிகரின் வண்டிக்கு ஆரை வேய்ந்த கூரை வருகிறது. விரல்நுனியளவு இலையுள்ள கீரையைக் கொண்டு கூரை வேய முடியாது. அந்த ஆரை ஒருவகைப் புல். ஆக, புல்லுக்கும் பெரணிக்கும் ஒரே பெயர் வழங்கியிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. புளியாரை, வல்லாரை என்று மேலும் இரண்டு உண்டு. இவை பூக்கும் செடிகள். பெரணிக்கும் இவற்றுக்கும் உறவில்லை. ஆனால் ஈரமண்ணில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மெல்லிய காம்பின் நுனியில் இலையை ஏந்துவது மூன்றுக்கும் பொது. பெயர் வைத்தவர்கள் பூவைப் பார்க்கவில்லை, செடி வாழும் இடத்தையும் வளரும் வாகையுமே பார்த்தார்கள் என்று கொள்கிறேன்.

அடையாளம் எளிது. புளியாரைக்கு இதய வடிவில் மூன்று சிற்றிலை, மஞ்சள் பூ, நாக்கில் புளிப்பு. ஆரைக்கு விசிறிபோல் விரிந்த நான்கு சிற்றிலை. இளந்தளிர் சுருண்டே வெளிவரும். அதுதான் பெரணியின் முத்திரை. இரவில் நான்கு சிற்றிலையும் கூம்பிவிடும். காம்பின் அடியில் பயறளவில் கடினமான உறைகள் இருக்கும். ஏரி வற்றினாலும் உள்ளிருக்கும் வித்துகளை அவை காக்கும். தண்ணீர் ஊறியதும் உறை பிளந்து, கூழ்போன்ற இழை நீண்டு, வித்துகளை வெளியே கொண்டுவரும். கோடையில் காணாமல்போன கீரை மழைக்குப்பின் தலைகாட்டுவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீரில் கலந்த உலோகங்களை உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்பு ஆரைக்கு உண்டு. ஆலைக் கழிவுநீர் சேரும் ஓடையில் முளைத்ததைப் பறிக்காதீர்கள். நல்ல தண்ணீர் நிற்கும் ஏரியிலோ கழனியிலோ கிடைத்தால் பறித்துப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். அப்படியொரு ஏரிக்கரை ஊருக்கு ஒன்றாவது மிஞ்சும்படி ஊராரும் ஆலைக்காரர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.