விடுதலைத் தேதி இல்லாத சிறை

செங்கல்பட்டில் ரயிலிறங்கி மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஊரின் ‘சிறப்பு முகாம்’ பற்றித் தெரியும்? ஈழத்தமிழ் அகதிகளை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்த இடம் அது.

1990இல் வேலூர்க் கோட்டையில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இறுகியது. செங்கல்பட்டு, பூந்தமல்லி, பின்னர் திருச்சி மத்திய சிறை வளாகம் என்று தொடர்ந்தது.

சூட்சுமம் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தில் இருந்தது. ஒருவர் எந்த இடத்தில் வசிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட அதன் 3(2)(இ) பிரிவு இடம் தந்தது. கைது செய்து காவலில் வைக்கத் தனி உட்பிரிவு இருந்தது. அரசு அதைத் தொடவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, இது வெறும் ‘வசிப்பிடம்’ என்பது அதன் கணக்கு. ஆகவே ஜாமீன் பெற்றவரும் தண்டனை முடித்தவரும்கூட சிறை வாசலிலிருந்து நேராக முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தண்டனைக் கைதி நாளை எண்ணலாம். முகாமில் இருப்பவருக்கு எண்ண நாளே கிடையாது.

அதனால்தான் அங்கே திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் வெடித்தது. வாதாட வழக்கு இல்லாதவரிடம் மிஞ்சியிருப்பது உடம்பு மட்டுமே. 2010 பிப்ரவரியில் செங்கல்பட்டு முகாமில் இருந்தவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. அடிபட்டவர்கள்மீதே வழக்கும் பாய்ந்தது. சிலர் வேலூர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தனும் திருச்சி முகாமில்தான் அடைக்கப்பட்டார். ஊரில் காத்திருந்த தாயைப் பார்க்காமலே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார்.

இதில் தலித் இயக்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் மண்டபத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை, நோய் பரவாமல் தடுக்க என்று சொல்லி அடைத்து வைத்தது மண்டபம் முகாம். அவர்களில் பெருந்தொகையினர் சேரிகளிலிருந்து போனவர்கள். 1948இல் இலங்கை அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமையைப் பறித்தது. பிறகு போர் துரத்தியபோது அந்த வம்சத்தாரில் பலர் அகதிகளாக வந்து இறங்கிய இடமும் அதே மண்டபம்தான். கூலியாய்ப் போனபோதும் அகதியாய் வந்தபோதும் நம் சனத்துக்கு இந்த நாடு திறந்தது முகாமின் கதவை.

அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசமைப்பின் 21ஆவது பிரிவு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, ‘எந்த நபரும்’ என்கிறது. 2025 செப்டம்பரில் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்துவிட்டது. ஓரிடத்தில் வசிக்கச் சொல்லும் அதிகாரம் அதிலும் அப்படியே இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.