மலைக்கு மேலே மலை இல்லை: நீலகிரிச் செடிகளும் 'காலநிலை' என்கிற கதையாடலும்

'காலநிலை மாறுகிறது, அதனால் அரிய காட்டுச் செடிகள் தங்கள் இடத்தை இழக்கின்றன.' இந்த வாக்கியம் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அரசு அறிக்கை, பள்ளிப் பாடம், கருத்தரங்கு மேடை என எங்கும் ஒரே தொனிதான். வாக்கியம் பொய்யென்று சொல்ல வரவில்லை. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரி செல்சியசுக்கும் மேலே ஏறிவிட்டது. என்னை உறுத்துவது அதன் இலக்கணம். எழுவாய் காலநிலை, அதற்கு முகம் இல்லை, ஊர் இல்லை, கையெழுத்து இல்லை. நீலகிரியை வைத்துப் பார்த்தால் இந்த எழுவாய்க்குப் பின்னால் யார் யாரெல்லாம் ஒளிந்துகொள்ள முடிகிறது என்பது தெரியும்.

முதலில் 'ஒரு செடியின் இடம்' என்றால் என்ன? தாவரவியலில் அது வரைபடத்தின் மேல் வைத்த புள்ளிகளின் தொகுப்பு. யாரோ ஒருவர் ஓரிடத்தில் ஒரு செடியைப் பறித்து, காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, ஊர்ப்பெயர் எழுதி வைத்தால் அது ஒரு புள்ளி. நீலகிரிக்கு அந்தப் புள்ளிகளில் முக்கியமானவற்றை வைத்தவர் கம்பெனி மருத்துவராக வந்த ராபர்ட் வைட். நீலகிரித் தாவரங்களுக்கென்றே 1846 முதல் 1851 வரை தனியாக நூல் வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரின் கோடுகள் இல்லாமல் அந்த அறிவு இல்லை. ஆனால் செடிகளின் லத்தீன் பெயர்களில் நிலைத்தது வைட்டின் பெயர். சல்லிவன் மலையேறியது 1819இல். வைட்டின் நூல் வரும்போது உதகையைச் சுற்றியிருந்த சோலைகள் வெள்ளைக்காரர் வீட்டுக் கணப்புக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்தன. ஆக, 'ஆதி நிலை' என்று நாம் நம்பும் வரைபடமே வெட்டு விழத் தொடங்கியபின் எடுத்த கணக்குதான். போதாக்குறைக்கு, ஆட்கள் நடந்துபோன பாதையை ஒட்டித்தான் புள்ளிகள் விழும். செடி இருந்த இடம் அல்ல, சாகிப் போன இடம்.

செடிகள் நகரும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் எழுதினார்; அதையே முன்னால் யோசித்து எழுதி வைத்திருந்தும் அச்சில் முந்த முடியாமல் போனதில் டார்வினுக்குக் கடைசிவரை ஒரு வருத்தம் இருந்தது. உயிரினங்களின் தோற்றம் பற்றி 1859இல் வந்த அவரது நூலில் இந்தியத் தீபகற்பத்தின் தனி மலைகளும் இலங்கையின் உயரங்களும் இடம்பெறுகின்றன. பூமி குளிர்ந்த காலத்தில் குளிர்நிலத் தாவரங்கள் சமவெளிக்கு இறங்கிப் பரவின. மீண்டும் வெப்பம் ஏறியபோது அருகிலிருந்த மலைகளில் ஏறிக்கொண்டன. ஏறியபின் ஒன்றுக்கொன்று துண்டுபட்டன என்பது அவர் வாதம். நம் கண்ணெதிரே உள்ள சாட்சி காட்டுப்பூவரசு. சிவப்புப் பூவோடு புல்வெளி ஓரத்தில் நிற்கும் அந்த மரத்தின் சொந்தக்காரர்கள் இமயத்தில் இருக்கிறார்கள், இலங்கை மலைகளில் இருக்கிறார்கள், நடுவில் இல்லை. மலையுச்சி அவற்றுக்குத் தாயகம் என்பதைவிட, ஒதுங்கிய இடம் என்பதே பொருத்தம்.

(இங்கே ஒரு இடைச்செருகல். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்தில், வேறு பொழுதில் வந்துவிட்டால் வந்த நிலத்துக்குரியதாகவே கொள்ளலாம் என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் வழிவிடுகிறது. 'பாத்தீங்களா, அன்னிக்கே சொல்லிட்டாங்க' என்று கிளம்பிவிட வேண்டாம். அது கவிதைக்கான விதி. ஆனாலும் திணையை வேலியாக மட்டுமே வாசிக்கும் நம் பழக்கத்துக்கு அது ஒரு இடைஞ்சல்.)

டார்வின் ஊகித்த காலநிலை ஏற்ற இறக்கத்தை நீலகிரியின் மண்ணே எழுதி வைத்திருந்தது. பள்ளத்தாக்குச் சதுப்புகளில் செத்த செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிச்சேறாகக் கிடக்கின்றன. சோலை மரங்களும் மலைப்புல்லில் பெரும்பாலானவையும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு வேறு. முன்னதை சி-3 என்றும் பின்னதை சி-4 என்றும் சொல்வார்கள். அந்த வேறுபாடு கார்பன்-13இன் அளவாகச் சேற்றில் பதிந்துவிடும். சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் இந்தச் சேற்றைப் படித்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை 20,000 ஆண்டுகளின் கதையைச் சொல்கிறது. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், வறட்சி. புல்லின் கை ஓங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் பெருகிப் பின்னது இறங்கி முன்னது ஏறியது. 6,000க்கும் 3,500க்கும் இடையில் மறுபடி வறட்சி. சோலையும் புல்லும் அந்த மேட்டுநிலத்தில் மாறி மாறி முன்னேறிப் பின்வாங்கியிருக்கின்றன. காலநிலை அப்போதும் மாறியது. செடிகள் இடம் மாறின. இரண்டும் பிழைத்துக் கிடந்தன.

இந்தச் சேற்றுக்கு ஒரு அரசியலும் உண்டு. 1938இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் ஒரு சர்ச்சை நடந்தது. நீலகிரிப் புல்வெளி இயற்கையானது, உறைபனிதான் மரக்கன்றுகளை அங்கே வரவிடாமல் தடுக்கிறது என்றார் வன அதிகாரி ரங்கநாதன். இல்லை, காட்டை எரித்தும் மேய்த்தும் மனிதர் உண்டாக்கியதே அது என்றார் போர். மேலுக்கு இது தாவரவியல் விவாதம். ஆனால் போர் சொன்னதை ஏற்றால் தோடரும் அவரது எருமையும் குற்றவாளி. புல்வெளி கெட்டுப்போன காடு, அதில் மரம் நடுவது கடமை. மரம் இல்லாத நிலத்தைத் தரிசு என்று எழுதும் வருவாய்த்துறைப் பார்வைக்கு இது வாகாக அமைந்தது. மனிதர் எருமையோடு மலையேறுவதற்கு வெகு முன்பே புல் அங்கே இருந்தது என்று கரிச்சேறு சாட்சி சொன்னபோது சர்ச்சை நடந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் நட வேண்டியதையெல்லாம் நட்டு முடித்திருந்தார்கள்.

விறகுப் பஞ்சத்துக்காக 1856இல் கற்பூர மரத்தை ஒழுங்காக நடத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நின்றதா என்றால், இல்லை, பெருகியது. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயானுக்குக் கூழ் என்று தேசிய வளர்ச்சியின் பெயரால் புல்மேடுகள் தோட்டங்களாயின. பக்கத்துப் பழனி மலைக்குத் தெளிவான கணக்கு 2018இல் வெளியானது: நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போயிருந்தது. இதைச் செய்தது வெப்பம் அல்ல. உத்தரவும் நாற்றங்காலும் கூலியும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டவர். 'சீகை நாத்து நாங்கதான் நட்டோம் தம்பி. புல்லக் கொத்திப் போட்டுட்டுக் குழி எடுக்கச் சொன்னாங்க. குழிக்கு இவ்வளவுன்னு கூலி. இப்ப அதையே புடுங்கணும்னு சொல்றாங்களாம். கூலி குடுத்தா புடுங்கிட்டுப் போறோம்' என்றார். பிறகு சிரித்தார். 'அந்நியத் தாவரம்', 'ஊடுருவல்' என்ற சொற்களைக் கேட்கும்போது எனக்கு வரும் கூச்சம் இவரைப் போன்றவர்களை நினைத்துத்தான். இதே சொற்கள் இம்மலையில் மனிதர் மேலும் எறியப்பட்டவை. அதற்காகச் சீகையும் ஒரு பாவப்பட்ட அகதி என்று உருகவும் நான் தயாரில்லை. சீகை அதிகாரத்தின் தோளில் வந்தது. இந்த அம்மா அதிகாரத்தால் தள்ளப்பட்டு வந்தவர். இரண்டையும் ஒரே உருவகத்தில் அடைப்பது சோம்பேறித்தனம்.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்துக்கு 0.6 டிகிரி குறையும். 2 டிகிரி ஏறினால், பழைய குளிரைத் தேடி ஒரு செடி 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உதகை சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637. ஏற ஏற நிலம் சுருங்கும். அதற்கு மேலே மலை இல்லை. பனியுகத்தில்போல இறங்கி இன்னொரு மலைக்குப் போகவும் இப்போது வழியில்லை. கீழே வெக்கையும் தார்ச்சாலையும் தேயிலையும்.

அடுத்தது உறைபனி. பெங்களூரு ஆய்வாளர்கள் நீலகிரியில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, ரங்கநாதன் சொன்னதைச் சோதனையாகவே காட்டியது: புல்வெளியில் வைத்த சோலைக் கன்றுகளை உறைபனி கொல்கிறது, சீகைக் கன்றோ தாக்குப்பிடிக்கிறது. வெப்பம் ஏறி உறைபனி குறைந்தால் மரங்களுக்குப் புல்வெளி திறந்துவிடும். காற்றில் கரியமில வாயு கூடுவதும் சி-3 செடிகளுக்கே அதிகச் சாதகம், சீகையும் சி-3தான். முன்பு ஈரம் கூடிய காலங்களில் புல் விட்டுக்கொடுத்த இடத்தைச் சோலை எடுத்துக்கொண்டது. இனி வாசலில் முதலில் நிற்பது சோலை அல்ல, நாம் நட்டு வைத்த சீகை. காலநிலை தனியாக வேலை செய்வதில்லை என்று நான் சொல்வது இதைத்தான். 1856இன் முடிவும் 1960களின் முடிவும் சேர்ந்துதான் இன்றைய வெப்பம் எந்தச் செடிக்கு வரம், எந்தச் செடிக்குச் சாவு என்று தீர்மானிக்கின்றன.

கடைசியாக ஒரு புல். தோடர் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் அரிய சதுப்புப் புல், நீலகிரிக்கே உரியது. லத்தீன் பெயரில் 'ரங்காச்சாரி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியப் புற்கள் பற்றி 1921இல் நூல் எழுதிய ரங்காச்சாரியார் நினைவுக்கு வருகிறார். குளிர் தேடி மேலேறு என்று கணினி மாதிரிகள் செடிகளுக்குச் சொல்லும் வழி இதற்குப் பொருந்தாது. சதுப்பு இருப்பது பள்ளத்தாக்கின் அடியில். உச்சியில் சதுப்பு கிடையாது. அடியில் இருந்த சதுப்புகளையோ வடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டாகிவிட்டது. கரையில் நிற்கும் கற்பூர மரம் மிச்ச ஈரத்தையும் குடிக்கிறது. 20,000 ஆண்டுக் கதையை வைத்திருந்ததும் இதே வகைச் சதுப்புதான்.

அந்நிய மரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. வெட்டிய பிறகு அந்த இடத்தில் என்ன முளைக்க வேண்டும், சோலையா புல்லா என்ற 1938இன் கேள்வி திரும்பி வந்திருக்கிறது. புல்லுக்கு அவ்வப்போது தீ வேண்டும் என்று மேய்ப்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காட்டில் தீ வைப்பது 1882இன் சென்னை வனச் சட்டத்திலிருந்து குற்றம்.