சிர்ஹிந்தில் ஒலித்த ஒரு மறுப்பு

குரு கோபிந்த் சிங்கின் இளைய மகன்மார் சொராவர் சிங், பதே சிங். மூத்தவருக்கே 9 வயதுதான். மதம் மாற மறுத்ததால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய ஆளுநர் வசீர் கான் இருவரையும் சிர்ஹிந்தில் கொன்றான்.

அங்கே எதிர்த்துப் பேசினவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான். முஸ்லிம், குருவோடு போர் செய்தவரும்கூட. ஆனாலும் குழந்தைகளைக் கொல்லுறது அநியாயம் எண்டார். 1947இல் பஞ்சாப் எரிஞ்சபோது மாலேர்கோட்லா முஸ்லிம்கள் தப்பினதுக்கு அந்த நன்றிதான் காரணம் எண்டு இண்டைக்கும் சொல்லப்படுது.

2022இல் இந்திய அரசு டிசம்பர் 26ஐ ‘வீர் பால் திவஸ்’ எண்டு அறிவித்தது. ‘வீரச் சிறுவர்’ எண்ட பெயர் தியாகத்தைச் சுருக்குது எண்டு சீக்கிய அமைப்புகள் எதிர்த்தன. வீரத்தை மட்டும் கொண்டாடினால், பிள்ளைகளுக்கு நடந்த அநியாயம் மறைஞ்சுபோகும். அதை அநியாயம் எண்டு சொன்ன எதிரியின் குரலும்தான்.