செஞ்சியும் ஒரு சிமிழும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, செஞ்சி வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. பாறாங்கற்களை யாரோ ராட்சதப் பிள்ளைகள் குவித்து விளையாடிவிட்டு அப்படியே விட்டுப் போனதுபோல ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் எழுந்து நிற்கும். மூன்றையும் இணைத்து ஓடும் மதிலைப் பார்த்தவர் யாரும், கையிலுள்ள பத்திரிகையை ஒரு நிமிஷமாவது மடித்து வைக்காமல் இருக்க மாட்டார்கள். மராட்டியரின் படைத்துறைச் சிறப்பைக் காட்டும் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நடுவழியில் நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். இளைஞர்களாக இருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டே காதுகளிலிருந்து இரண்டு வெள்ளைக் குமிழ்களைக் கழற்றி, குங்குமச் சிமிழ் அளவுள்ள ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடுகிறார்கள். நம் பாட்டனார் காதில் கடுக்கன் போட்டார். பேரன் காதுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறான். இயர்பட்ஸ் என்பது அதன் பெயர். கால் மணி நேரம் கழித்துச் சிமிழைத் திறந்தால், ஓய்ந்து போயிருந்த குமிழ்கள் மறுபடி பாடத் தயாராக இருக்கின்றன.

இது சரித்திரக் கட்டுரையா, கடைத்தெரு விளம்பரமா என்று வாசகர் முகம் சுளிக்க வேண்டாம். செஞ்சியில் உட்கார்ந்து அந்தச் சிமிழைப் பார்த்தால் சரித்திரம்தான் நினைவுக்கு வருகிறது.

விஷயம் இதுதான். காதில் அடங்க வேண்டிய பொருளுக்குள் பெரிய பாட்டரி வைக்க முடியாது. ஒரு குமிழில் இருப்பது ஏறக்குறைய 40, 50 மில்லி ஆம்பியர்-மணி அளவு மின்சாரம். சில மணி நேரப் பாட்டுக்கு அது சரியாகப் போய்விடும். சிமிழுக்குள் இருக்கும் பாட்டரியோ அதைப்போலப் பல மடங்கு. வயர் வழியாகச் சிமிழுக்கு வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறோம். குமிழைச் சிமிழில் வைத்ததும், கடுகளவு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டு, பெரியதிலிருந்து சின்னதற்கு மின்சாரம் இறங்குகிறது. அந்த முனையில் வியர்வையோ அழுக்கோ படிந்துவிட்டால், ஒரு காது பாடும், ஒரு காது மௌனம் சாதிக்கும். "பழுதாகிவிட்டது" என்று கடைக்கு ஓடுமுன் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துப் பார்ப்பது நல்லது.

செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் போட்ட கணக்கும் இதுவேதான். உச்சிக் கோட்டை சின்னது. அதற்கும் மலைக்கும் நடுவே சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அந்த இடத்தைக் காத்துவிடலாம். ஆனால் காப்பவன் எதைக் குடித்து உயிர் வாழ்வது? மேலே நல்ல தண்ணீர்ச் சுனை. கீழே மழைநீரைத் தேக்கும் குளங்கள். கல்யாண மகாலுக்கு வெளியிலிருந்து மண்குழாய் வழியே வந்த தண்ணீர். அருகே பெரிய நெற்களஞ்சியம். சின்னதைப் பெரியது தாங்கியது. பெரியதைக் கோட்டைக்கு வெளியே இருந்த நாடு தாங்கியது. முற்றுகை என்பது வேறென்ன? அந்த வெளி வயரைத் துண்டிக்கிற முயற்சிதான்.

அந்த முயற்சி இங்கே நடந்ததைப்போல வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவருடைய இளைய குமாரர் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் மொகலாயர் கை ஓங்கியபோது தப்பித்து வந்து சேர்ந்தது இங்கேதான். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகார் கான் 1690-இல் வந்து கூடாரம் அடித்தான். கோட்டை விழுந்தது 1698-இல்! இடையில் நடந்த கூத்துகளை ஒரு நாவலில் எழுதினால், "ஆசிரியர் அளக்கிறார்" என்பார்கள். மூன்று மலைகளையும் சுற்றி வளைக்கக் கானிடம் ஆள் போதவில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதும் நின்றபாடில்லை. சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு மராட்டிய வீரர்கள் வெளியிலிருந்து வந்து மொகலாயருக்குத் தானியம் வரும் வழிகளை மறித்தார்கள். கோட்டையைப் பட்டினி போட வந்தவர்கள் தாமே பட்டினி கிடந்தார்கள். பாதுஷாவின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்தியதாகச் சொல்லி, அவனை அவன் தரப்பார்களே சிறைப்படுத்தினார்கள். 1693 ஜனவரியில் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் திரும்பி வந்து, முடிவில் கோட்டையைப் பிடித்தான். ஆனால் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். எட்டு வருஷம் காத்திருந்து வெறும் கூட்டைப் பிடித்தவனை என்னவென்று சொல்வது!

இந்த ராஜாராமை நம் ஊர்த் தெருக்கூத்து பாடுவதில்லை. பாடுவது தேசிங்கு ராஜனைத்தான். 1714-இல், இருபத்திரண்டு வயதில், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிரே சில நூறு குதிரை வீரர்களோடு கோட்டையைவிட்டு வெளியே பாய்ந்தான், மடிந்தான். களஞ்சியமும் சுனையும் அவன் முதுகுக்குப் பின்னால் நிரம்பிக் கிடந்தன. யுத்த சாஸ்திரம் தெரிந்தவர்கள் இதை மூடத்தனம் என்பார்கள். என் கட்சியும் பெரும்பாலும் அதுதான். ஆனால் கதைப்பாட்டு அப்படி நினைக்கவில்லை. சேமித்து வாழ்ந்தவனைவிடச் செலவழித்துச் செத்தவனைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கிறது.

மின்சாரத்தைச் சேமிக்கும் கலைக்கு வயது அதிகமில்லை. தீர்ந்தால் மறுபடி நிரப்பக்கூடிய பாட்டரியை 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே ஈயத்தையும் அமிலத்தையும் கொண்டு செய்தார். அதைக் காதில் மாட்டினால் காது மட்டுமல்ல, தோளும் போய்விடும்! எடை குறைந்த லிதியத்துக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விட்டிங்ஹாம், குட்இனஃப், ஜப்பானின் யோஷினோ ஆகியோரின் உழைப்பில் உருவான லிதியம்-அயான் பாட்டரியை 1991-இல் சோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நம் நாட்டில் இந்தத் துறைக்கு வீடு கொடுத்தவர் ஒரு செட்டிநாட்டு வள்ளல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சந்தோஷச் செய்தியும் இதில் உண்டு. போனிலிருந்து குமிழுக்குப் பாட்டு வயரில்லாமல் வருகிற முறைக்கு 'ப்ளூடூத்' என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற ராஜாவின் பட்டப்பெயர் அது: நீலப்பல்லன்! பிரிந்து கிடந்த டேனியரை அவன் ஒன்றுசேர்த்தான் என்பார்கள். போனையும் கம்ப்யூட்டரையும் ஒன்றுசேர்க்கும் முறைக்கு, 1990-களின் பிற்பகுதியில் ஜிம் கார்டாக் என்ற அமெரிக்க இஞ்சினியர் அந்தப் பெயரைச் சொன்னார். அவருக்கு அந்த ராஜாவை அறிமுகம் செய்தது, ஸ்வீடன் எழுத்தாளர் பெங்ட்ஸன் எழுதிய ஒரு சரித்திர நாவல். சரித்திர நாவல்களால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எந்தக் கோட்டையும் கிழடாகிறது. லிதியம் பாட்டரியும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை நிரம்பித் தீரும்போதும் அதன் கொள்ளளவு சிறிது குறைகிறது. வெப்பம் அதற்குப் பரம சத்துரு. சித்திரை வெயிலில் கொதிக்கும் செஞ்சிப் பாறைமேல் சிமிழை வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் நான்கு மணி நேரம் பாடியது ஒரு மணி நேரத்தில் ஓய்கிறது. கைக்கடிகாரத்துக்குப் பாட்டரி மாற்றுவதுபோல இதற்கு மாற்றலாமென்றால், பெரும்பாலான குமிழ்களைப் பசைவைத்து ஒட்டி அடைத்திருக்கிறார்கள். உடைக்காமல் திறக்க வழியில்லை. காது நன்றாக இருக்கிறது, குரல் நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் கடுகளவு சுனை வற்றியதற்காக முழுப் பொருளும் குப்பைக்குப் போகிறது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

செஞ்சிக்கும் அந்தக் கதி வந்தது. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1780-இல் ஹைதர் அலியின் ஆட்கள் வந்தார்கள். திப்புவும் 1799-இல் வீழ்ந்த பிறகு அந்த மதில்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் கோட்டையை யாரும் குப்பையில் போடவில்லை. கல் கல்லாகவே நின்றது. செத்துப்போன குமிழை மண்ணில் எறிந்தால், அதில் உள்ள கோபால்ட்டும் அமிலமற்ற வேறு ரசாயனங்களும் சும்மா இருப்பதில்லை. குப்பை வண்டியில் நசுங்கினால் தீயும் பிடிக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022-இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ராஜகிரிப் படிக்கட்டுகளின் ஓரத்தில், தண்ணீர் பாட்டிலும் வேர்க்கடலைத் தோலும் கிடக்கும் இடத்தில், ஒற்றைக் காதுக் குமிழ்களும் சில கிடக்கின்றன.