துண்டும் பாதையும்: மலையகத்தில் நடந்தவர்களின் வரலாறு

சாதி ஒழிப்புக்காக வாழ்ந்த ஒருவரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். இப்படியொரு நாளில் மலையில் நடந்து போகும் பாதையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். பாதையின் வரலாறு நமக்குச் சின்ன விஷயமாக இருக்க முடியாது.

இலங்கையின் மலையகத்தில் அண்மையில் 'பெக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதை திறக்கப்பட்டிருக்கிறது. பெக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கும் பாதை கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று மலைகளைச் சுற்றிக்கொண்டு நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கும் அதிக நீளம்; 22 கட்டங்கள். காடடர்ந்த பள்ளத்தாக்குகள், அருவிகள், பழைய சிங்களக் கிராமங்கள், தேயிலைத் தோட்டங்கள், தொழிலாளர் லயங்கள் எல்லாவற்றையும் ஊடறுத்துப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசும் இதற்கு நிதியுதவி செய்தன. பிரிட்டிஷ் காலத்துத் தோட்டங்களில் போடப்பட்ட வண்டிப் பாதைகளையும் ஒற்றையடித் தடங்களையும் இணைத்தே இதை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தப் பழமைதான் பயணிகளை ஈர்க்கிறது.

பழமை என்று ஒன்று இருந்தால் அதற்குச் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். இந்த மலைகளுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்? தாங்கள் போட்ட பாதையில் தங்கள் விருப்பப்படி நடக்க முடிந்ததா? இன்று அந்தப் பாதையோரத்தில் அவர்களுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள்

1815இல் கண்டி அரசு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த கண்டிக் கிராமத்தாருக்கு எந்தப் பத்திரம் இருந்தது? காடு தோட்டக்காரர் கைக்கு மலிவாகப் போயிற்று. காடு வெட்டும் வேலையைச் சிங்களக் கிராமத்தாரும் ஒப்பந்தத்துக்குச் செய்தார்கள். ஆனால் தோட்டத்தில் கட்டுண்டு கூலி வேலை பார்க்க அவர்கள் வரவில்லை. அந்த வேலைக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் ஆள் தேடினார்கள்.

இந்தப் பக்கம் நிலைமை என்ன? திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளில் நிலமற்ற பள்ளரும் பறையரும் அருந்ததியரும் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமையாக உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. சட்டத்தில் அடிமைத்தனம் போயிற்று. பண்ணையாரின் கடன் கணக்கு போகவில்லை. பஞ்சம் வந்தால் முதலில் சாகிறவர்களும் இவர்களே. 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊரில் கதை கட்டிவிட்டிருந்தார்கள். ஆசை காட்டப்பட்டு ஏமாந்தார்கள் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. சேரியை விட்டு எங்காவது போனால் போதும் என்பதும் ஒரு காரணம். தப்பிப்பதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே வழி கால்கள்தான்.

கிராமத்திலிருந்து கடற்கரைக்கு நடை. தோணியில் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கினால் மறுபடி நடை. அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை, இன்றைய கணக்கில் சுமார் 250 கிலோமீட்டர். வறண்ட காடு, கெட்ட தண்ணீர், காலரா, அம்மை, காய்ச்சல், யானை. கோப்பிக் காலத்தில் ஆண்டுதோறும் அறுவடைக்குப் போய்த் திரும்பும் ஆட்களே அதிகம். அதனால் இந்தச் சாவு வழியை ஒருவரே பலமுறை கடக்க நேர்ந்தது. விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். 1840களில் மட்டும் 70,000 பேர் இறந்தார்கள் என்று 1849இல் கொழும்பில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகையொன்று எழுதியது. அந்த எண்ணிக்கை மிகையா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை நாம் கேட்க வேண்டும். கோப்பி மூட்டைகளுக்குக் கணக்கு இருந்தது. வழியில் விழுந்த உடல்களை எண்ண வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

மலையக நடைபாதைகளின் முதல் கட்டம் இதுதான். அது ஹந்தானையில் தொடங்கவில்லை, மன்னார்க் கரையில் தொடங்கியது.

தோட்டத்துக்குள் பாதை

1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாகக் கொண்ட லயம் அவர்களின் ஊராயிற்று.

தோட்டத்துப் பாதைகளை அழகு பார்த்துப் போடவில்லை. கொழுந்து வாடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். துரை ஒரே காலையில் எல்லா மலையையும் பார்த்துவிட வேண்டும். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்தவர்கள் தாமதமில்லாமல் வேலைத்தலத்துக்குப் போக வேண்டும். வளைந்து வளைந்து ஏறும் அந்தத் தடங்களை இந்தத் தேவைகள்தான் தீர்மானித்தன. துரையின் பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். எங்கே நின்றாலும் பார்வைக்குத் தப்ப முடியாது.

இந்த அமைப்புக்குள் சாதியும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆள் பிடித்து வந்து, முன்பணம் கொடுத்து, மேற்பார்வையும் பார்த்த பெரிய கங்காணிகள் பலர் 'குடியானவர்' எனப்பட்ட இடைநிலைச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களின் கீழ் வேலை செய்தவர்களில் மிகப் பெரும் பகுதி தலித்துகள். லயங்களையும் சாதி வாரியாகப் பிரித்தார்கள். ஊரில் பண்ணையார் வைத்திருந்த கடன் கணக்கு இங்கே கங்காணியின் கைக்கு மாறியது. தோட்ட நிர்வாகத்துக்கு இது வசதியாக இருந்தது. ஊரின் படிநிலை அப்படியே கிடைத்தபோது புதிதாக ஓர் அதிகாரத்தை அவர்கள் உருவாக்க வேண்டியிருக்கவில்லை.

பெக்கோ ட்ரெயிலின் தொடக்கக் கட்டங்களில் ஒன்று லூல்கந்துர தோட்டத்தைத் தொடுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாக அதைச் சொல்கிறார்கள். அவர் உட்கார்ந்து பார்த்த கல்லிருக்கையைப் பயணிகள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். 1892இல் அவர் இறந்தபோது உடலைத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து கண்டி வரை நடந்தார்கள். 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாற்றி மாற்றிச் சுமந்தார்கள் என்று கதை சொல்கிறது. டெய்லரின் கல்லறை கண்டியில் இருக்கிறது. சுமந்த 24 பேரின் பெயர்கள் அந்தக் கதையில் இல்லை.

துண்டு

இனி இரண்டாவது கேள்வி. பாதை இருந்தது, அதில் நடந்து வெளியேற முடிந்ததா?

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளி கையில் 'துண்டு' இருக்க வேண்டும். அவர் பெயரில் உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். தொழிலாளி இடம் மாறுவார், கடனும் கூடவே மாறும். துண்டில்லாமல் போனவர் ஓடிப்போனவர். அவர் மேல் வழக்கு வரும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாததைப் போல, வெளியே இருப்பவர் உள்ளே வரவும் முடியாது. தோட்டம் தனியார் சொத்து. அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல். தஞ்சையிலிருந்து போய்த் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர், புடவை வியாபாரிபோல் வேடமிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அவரும் மீனாட்சி அம்மாளும் தொழிலாளர்களிடம் பேசுவதற்கே இந்தப் பாதைகளைத் திருட்டுத்தனமாகக் கடக்க வேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். லூல்கந்துரவும் அதே ஹேவாஹெட்டை மலைப்பகுதிதான்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துண்டு ஒழிந்து மூன்றாண்டுகள் கழித்து, 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கவும் பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று அரசைச் சொல்ல வைத்த தீர்மானம் அது. கடலின் இரு கரைகளிலும் ஒரே மக்கள் ஒரே காலத்தில் நடப்பதற்கான உரிமைக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். நம் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். நடைபாதை இன்று கடந்து போகும் வட்டகொடை அருகே, மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக முடிவு. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

தாயகம் திரும்பியவர்களில் பலரை நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் மறுபடி தேயிலைத் தோட்டத்திலேயே குடியேற்றினார்கள். ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அதே சேரி காத்திருந்தது. 'சிலோன்காரர்' என்ற பட்டம் மட்டும் புதிது. அங்கேயே இருந்தவர்களில் குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் விடிவு வந்தது.

நிலமும் கைக்கு வரவில்லை. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்தெடுக்க முயன்றதை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். டெவன் அருவியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

பாதையோரத்தில் யாருக்கு என்ன இருக்கிறது

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நடைபயணிகள் வருவதை நான் எதிர்க்கவில்லை. வருகிறவர் சாப்பிடுவார், தங்குவார், வழிகாட்டி கேட்பார். கிராமத்துக்குப் பணம் வரும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் எந்தக் கதவுக்குப் போகும்? தங்கும் விடுதி நடத்த வீடு சொந்தமாக இருக்க வேண்டும். தேநீர்க் கடை வைக்க மூன்றடி நிலமாவது வேண்டும். கடன் வாங்கப் பத்திரம் வேண்டும். லயத்து அறை அதில் ஐந்து தலைமுறையாக வாழ்கிறவருக்குச் சொந்தமில்லை. குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் தரும் திட்டம் வந்திருக்கிறது. பெற்றவர்களைவிடக் காத்திருப்பவர்களே மிகுதி. வரலாற்றால் பாதையை உண்டாக்கியவர், அதே வரலாற்றால் அதன் வருமானத்துக்கு வெளியே நிற்கிறார்.

இன்னொன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் இருக்கும் பாதைக்கும் குடியிருப்புக்கும் உள்ளூராட்சிப் பணத்தைச் செலவழிக்க அது தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்த சபை அவர்களின் பாதையைச் செப்பனிட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணைச் சாக்குத் தூளியில் கட்டிச் சுமந்து இறங்கிய பாதைகளும் இவைதாம்.

மண் சரிவையும் மறக்க வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. ஹப்புத்தளை மலைவிளிம்பில் நின்று பள்ளத்தாக்கின் அழகைப் பார்ப்பவர்கள் பார்க்கும் திசையில்தான் அந்த மண்மேடும் இருக்கிறது.

மக்கள் தங்கள் பாதையைத் தாங்களே நினைவுகூர்ந்த நிகழ்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023இல், வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, மலையகத் தமிழரும் அவர்களோடு தோழமை கொண்ட பிறரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார்கள். நிலம், வீடு, கூலி, சம குடியுரிமை என்று கோரிக்கைகளையும் கையில் கொண்டு நடந்தார்கள். மன்னார்க் காட்டில் விழுந்தவர்களுக்கு யாரும் கல்லறை கட்டவில்லை. அந்த நடைதான் அவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இலங்கையிலிருந்து திரும்பி வந்த முதியவர்கள் நீலகிரியிலும் நம் மாவட்டங்களிலும் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், கங்காணி யார், எந்த வழியாக வந்தார்கள், வழியில் யாரை இழந்தார்கள் என்று கேட்டு, பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்காது. பெயர்ப்பட்டியல் கையில் இருந்தால், லூல்கந்துர கல்லிருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கல் வேண்டும் என்று நாம் கேட்கலாம். அதைவிட முக்கியமாக, பாதையோரத்து லயத்தில் வாழ்கிறவர் கையில் நிலப்பத்திரம் வேண்டும் என்று கேட்பவர்களோடு கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் குரல் சேரும்.

ஜெய் பீம்.