உள்ளி பூண்டான கதை

யாழ்ப்பாணத்துச் சமையற்கட்டில் உள்ளி கேட்டால் கைக்கு வருவது பூண்டு. நாகர்கோவிலில் உள்ளித்தீயல் கேட்டால் கிண்ணத்தில் வருவது சின்ன வெங்காயம். மதுரைப் பக்கம் போனால் இரண்டுக்கும் உள்ளி என்ற பேச்சே இல்லை. அங்கே பூண்டின் பெயர் ‘வெள்ளப்பூடு’. ஒரே மொழிக்குள் ஒரு பண்டத்தின் பெயர் இப்படி ஊருக்கு ஊர் இடம் மாறிக் கிடக்கிறது.

உள்ளி திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். வெங்காயம், பூண்டு இரண்டையும் அது குறித்தது. பிரித்துச் சொல்ல வேண்டியபோது நிறம் துணைக்கு வந்தது. தெலுங்கில் வெல்லுல்லி, கன்னடத்தில் பெள்ளுள்ளி, மலையாளத்தில் வெளுத்துள்ளி. மூன்றும் வெள்ளை உள்ளிதான். தமிழிலும் வெள்ளுள்ளி உண்டு, ஆனால் அகராதியோடும் மருந்துச் சுவடியோடும் நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பேச்சு வெள்ளையை வைத்துக்கொண்டு உள்ளியை விட்டுவிட்டது: வெள்ளைப்பூண்டு.

பூண்டு என்பதோ எந்தத் தனிச்செடிக்கும் உரிய பெயராக இருந்ததில்லை. தரையோடு முளைக்கும் சிறுசெடி எல்லாமே பூண்டுதான். பூடு என்பது அதன் இன்னொரு வடிவம். ‘புல் பூண்டுகூட முளைக்காத நிலம்’ என்று சொல்லும்போதும், ‘பூண்டோடு அழிந்தது’ என்று சொல்லும்போதும் யாருக்கும் ரசம் நினைவுக்கு வருவதில்லை. அப்படிப் பேரில்லாத களைகளையும் சேர்த்துக் குறித்த பொதுச்சொல், வெள்ளை என்ற அடைமொழியையும் உதிர்த்துவிட்டு, மளிகைச் சீட்டில் ஒரே ஒரு பண்டத்துக்கு உரிமையாகிவிட்டது. எள்ளின் நெய்யாக இருந்த எண்ணெய், கடலைக்கும் தேங்காய்க்கும் பொதுவாகப் பரந்தது. பூண்டு நேர்மாறாகக் குறுகியது.

குணத்தைச் சொல்லும் பெயர் இன்னொன்று உண்டு: காயம். உறைப்பு என்று பொருள். வெங்காயத்திலும் பெருங்காயத்திலும் இருப்பது இதுவே. கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஐங்காயம் என்றார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கு அது. பிரசவமான வீட்டில் இன்றும் பத்தியக் குழம்பில் பல் பல்லாகப் பூண்டு கிடக்கும். பால் ஊறும் என்பது நம்பிக்கை. 1991-இல் அமெரிக்காவில் வெளியான மென்னெல்லா, பியூசாம்ப் இருவரின் ஆய்வு, தாய் பூண்டு சாப்பிட்டபின் தாய்ப்பாலின் மணம் மாறுவதையும், குழந்தை மார்பில் கூடுதல் நேரம் ஒட்டியிருப்பதையும் காட்டியது. பால் கூடியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் அம்மா சாப்பிட்டது பிள்ளைக்குத் தெரிகிறது.

பூண்டின் அந்த உறைப்பு முழுப் பல்லில் இல்லை என்பதுதான் வியப்பு. உரித்த பூண்டை முகர்ந்து பாருங்கள், மணம் மெலிதாகத்தான் இருக்கும். அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுங்கியதும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. 1944-இல் கவல்லிட்டோ என்ற வேதியியலாளர் அதைப் பிரித்தெடுத்து, நுண்ணுயிர்களை எதிர்க்கும் அதன் ஆற்றலைப் பதிவு செய்தார். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால் நசுக்கியதும் பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு தாளிப்பதே நல்லது.

அதற்காகப் பூண்டை எல்லாவற்றுக்கும் மருந்தாக்கிவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பச்சைப் பூண்டும் சரி, பூண்டு மாத்திரைகளும் சரி, கெட்ட கொழுப்பைக் குறைக்கவில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிறிதளவு குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டு மாத்திரையைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். பல்வலிக்கும் தேமலுக்கும் பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டிவைத்தால் தோல் வெந்துபோகும். குழந்தைகளுக்கு அதைச் செய்யவே கூடாது.

வடமொழியில் பூண்டுக்கு இலசுனம் என்றும் ரசோனம் என்றும் பெயர். ஆறு சுவையில் ஒன்று குறைந்தது என்று ரசோனத்துக்கு ஆயுர்வேத நூல்கள் விளக்கம் சொல்கின்றன. குறைவது புளிப்பு. நம் வீட்டுப் பூண்டுக் குழம்பு நல்லெண்ணெயில் பல்லை வதக்கி, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றிச் சுண்ட வைப்பது. அந்த விளக்கத்தைப் படித்துவிட்டுச் சமைத்தவர் யாரும் இல்லை, நாக்கே கண்டுபிடித்திருக்கிறது.

பூண்டு பல் பிரிவதற்குக் குளிர் வேண்டும். போதாவிட்டால் பிரியாமல் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடும். ஆகவே தமிழ்நாட்டில் பூண்டு மலைப்பயிர்: நீலகிரி, அடுத்து கொடைக்கானலின் பூம்பாறை, மன்னவனூர் மேட்டுநிலங்கள். மலையில் விளைந்தது அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் மண்டிகளிலும் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையிலும் விலைபோகிறது. கொடைக்கானல் பூண்டு உறைப்பு மிகுந்தது. நன்றாக உலர்த்தி வைத்தால் நெடுநாள் கெடாது. 2019-இல் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ புவிசார் குறியீடு பெற்றது. களைக்கும் புல்லுக்கும் பொதுவாக இருந்த சொல், இப்போது ஒரு மலையின் விளைச்சலுக்கு மட்டும் உரிய பெயராகச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது. வேறெங்கோ விளைந்ததை மூட்டையில் அடைத்து இந்தப் பெயரில் விற்றால், பூம்பாறை உழவர்கள் வழக்குத் தொடுக்க வழி உண்டு.