மீன் பிரித்த மகளிர்: பெனே இஸ்ரவேலரின் உணவு விதியும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

ஒரு மக்கட் குழுவின் தொன்மையை நிறுவுதற்குக் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது நம் ஆய்வு மரபு. இவற்றுள் எதுவும் இல்லாத குழுவின் வரலாற்றை எவ்வாறு அறிவது என்னும் வினாவிற்கு, இந்திய மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த யூதருள் இரு பிரிவினரை ஒப்பிட்டு நோக்குவது துணைசெய்யும். கொச்சி யூதருக்குச் செப்பேடு உண்டு. சேர மன்னன் பாஸ்கர இரவி ஏறத்தாழ கி.பி. 1000இல் யோசேப்பு இரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணமும் 72 விடுபேறுகளும் வழங்கியதை அது வட்டெழுத்தில் கூறுகின்றது. கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேலருக்கு அத்தகைய பட்டயம் எதுவும் இல்லை. அவர்தம் வாய்மொழி மரபு முன்வைக்கும் சான்று அடுக்களையைச் சார்ந்தது. அச்சான்றின் இயல்பையும் அதற்குக் கிடைத்த மதிப்பையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

விதியின் அமைப்பு

யூதர் உண்ணத் தக்கதைக் ‘கோஷர்’ என்பர். இதன் அடிப்படை விதிகள் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 14ஆம் அதிகாரத்திலும் இடம்பெற்றுள்ளன. விலங்குகளுள் குளம்பு பிளவுபட்டு அசைபோடுவனவும், நீர்வாழ்வனவற்றுள் துடுப்பும் செதிலும் உடையனவும் உண்ணத் தக்கவை. குருதி முற்றிலும் விலக்கப்பட்டது. ஆதலின் முறையறிந்தவர் அறுத்த இறைச்சியை நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, குருதி வடித்துக் கழுவிய பின்னரே சமைப்பர். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைத்தலாகாது என்னும் கட்டளை மூன்று இடங்களில் வருகின்றது. இதனைப் பிற்கால யூத அறிஞர்கள் விரித்துரைத்து, இறைச்சியையும் பாலுணவையும் சேர்த்துண்ணலாகாது என்றும், அவற்றிற்குரிய கலங்களும் வேறாக இருத்தல் வேண்டும் என்றும் வகுத்தனர். காய், கனி, தானியம், மீன் முதலியன இவ்விரண்டிலும் சேராப் பொதுவகையின.

இவ்விதிகளை நாள்தோறும் செயற்படுத்தும் இடம் வீட்டின் அடுக்களை. எந்த மீனை வாங்குவது, எந்தக் கலத்தில் சமைப்பது என்பனவற்றைப் பெரும்பாலும் பெண்டிரே முடிவு செய்தனர். நூலறிவு இன்றியும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லத்தக்க அறிவு இது.

இரு பதிவுகள்

தம் முன்னோர் வந்த கலம் அலிபாக்கை அடுத்த நவ்காவ் அருகே உடைந்தது என்றும், பிழைத்த ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் தம் குலமுதல்வர் என்றும் பெனே இஸ்ரவேலர் கூறுவர். நூல்களை இழந்த அம்மக்கள் எண்ணெய் ஆட்டும் தொழிலை மேற்கொண்டனர். சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்தியமையால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்வாணியர், எனப்பட்டனர்.

பிற்காலத்தில் தாவீது ரகாபி என்னும் யூதர் அங்கு வந்தார் என்றும், இவர்கள் யூதர்தாமோ என்று ஐயுற்று, பலவகை மீன்களைப் பெண்டிரிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னார் என்றும், அவர்கள் துடுப்பும் செதிலும் அற்றவற்றைத் தாமாகவே ஒதுக்கினர் என்றும் அம்மரபு தொடர்கின்றது. ஐயம் நீங்கிய ரகாபி மூவரைத் தேர்ந்து அவர்களுக்குச் சமயக் கல்வி அளித்தாராம். இம்மரபை ஹையீம் சாமுவேல் கெஹிம்கர் 1897இல் எழுதி, 1937இல் அச்சேறிய பெனே இஸ்ரவேலர் வரலாற்று நூலில் காணலாம்.

இதனை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. ரகாபியின் காலத்தைச் சிலர் கி.பி. 1000 அளவிலும், சிலர் பதினெட்டாம் நூற்றாண்டிலும் வைப்பர். கொச்சியில் வாழ்ந்த எசேக்கியல் ரகாபி 1768இல் எழுதிய மடல் காலம் உறுதியான பதிவு. மராட்டியப் பகுதியில் எண்ணெய் ஆட்டி வாழும் இம்மக்கள் ‘ஷெமா’ என்னும் அறிக்கையும் ஓய்வுநாளும் அன்றிச் சமயத்தில் வேறெதுவும் அறியார் என்பது அம்மடலின் கருத்து.

இவ்விரு பதிவுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். மடல் எழுதிய வணிகர் நூலறிவை அளவுகோலாகக் கொண்டு, இவர்களிடம் இல்லாததைக் கூறினார். வாய்மொழி மரபோ தம்மிடம் இருந்ததைக் கூறியது. இறாலும் நண்டும் மலிந்த கடற்கரையில் அவற்றை விலக்கி வாழ்வது நாள்தோறும் நினைவுகூரப்படும் ஓர் அறிவு. மீன் நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா என்பதை நிறுவ இயலாவிடினும், தம்மை யூதர் என்று காட்டத்தக்கது தம் பெண்டிரின் உணவறிவே என்று இக்குழு கருதியது என்பதற்கு அக்கதை உறுதியான சான்றாகும்.

விலக்கும் ஆக்கமும்

விலக்கு புதிய ஆக்கத்திற்கும் வழிவகுத்தது. பாலும் இறைச்சியும் கூடாமையின், கொங்கணத்திலும் கொச்சியிலும் யூதர் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பாலைச் சேர்த்தனர். அது பொதுவகை உணவாதலின் விதிக்கு முரணாகாது. இறைச்சி விருந்திற்குப் பின்னும் உண்ணத்தக்க இனிப்பாகத் தேங்காய்ப்பால் அல்வாவைப் பெனே இஸ்ரவேலர் புத்தாண்டில் கிண்டினர். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை ஆகியவற்றால் ஆன மலிதாவைக் கனிகளுடன் படைத்து எலியா தீர்க்கதரிசியை நினைந்து நன்றி கூறுதல் அவர்தம் தனிச் சடங்கு. கொங்கண மண்ணின் விளைபொருள்களைக் கொண்டே அவர்கள் தம் பழைய விதியைக் காத்தனர்.

மீண்டும் ஒரு சோதனை

1948இல் இஸ்ரேல் தோன்றிய பின் இவர்களுட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தலைமை இரப்பிமார் இவர்களின் திருமணத் தகுதி குறித்து ஐயம் எழுப்பினர். பல நூற்றாண்டுகள் பிரிந்து வாழ்ந்தவர்கள் மணவிலக்கு முதலிய சட்டங்களை முறையாகப் பின்பற்றினரா என்பதே ஐயம். மணம் செய்ய விழைவோரின் முன்னோர் வழியை ஆராய வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. நீண்ட போராட்டத்தின் விளைவாக 1964இல் இவர்கள் எவ்வகையிலும் முழு யூதரே என்று இஸ்ரேல் அரசு அறிவித்தது. இரப்பிமாரும் ஆணையிலிருந்து இக்குழுவின் பெயரை நீக்கினர்.

மரபுக் கதையில் வரும் ரகாபிக்கு மீனைப் பிரித்த பெண்டிரின் அறிவு போதுமானதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் சமய நிறுவனத்திற்கு அது போதவில்லை. எழுத்தில் இல்லாத மரபு, எழுத்தை மட்டும் நம்பும் அவையில் எத்துணை வலுவிழக்கின்றது என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க எடுத்துக்காட்டு.

முடிவுரை

செப்பேடு ஒரு நாளின் கொடையைக் கூறுகின்றது. உணவு விதியோ நாள்தோறும் புதுப்பிக்கப்படும் பதிவு. ஆயினும் அப்பதிவைக் காத்தவர் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. கதையில் சோதித்தவர் பெயர் நிலைத்தது; சோதனையில் வென்ற மகளிருள் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை. அடுக்களை வழக்காறுகளைத் துணைச்செய்தி என ஒதுக்காது வரலாற்று மூலமாகக் கொண்டு தொகுப்பது, தமிழாய்வு உள்ளிட்ட இந்திய மொழித் துறைகள் அனைத்திற்கும் உரிய கடமையாகும்.